சட்டை உரிக்கும் வரை

குளிருக்காகத்தான் கூட வருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
எஞ்சின் ஓடுகிறது. ஃப்ளாஸ்க்கில் தேநீர், இரண்டு கோப்பை.
எலினெட் அஸ்க் ஆற்றில் முழங்கால்வரை இறங்கி
குதிகாலால் கற்களைப் புரட்டுகிறாள்.
கீழ்நீரில் வலையைப் பிடித்திருக்கிறான் மாக்சென்,
ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தவன், நல்ல தோள்கள்.
ரப்பர் கையுறைக்குமேல் மோதிரம் தெரியாது.
வைப்பர் ஒருமுறை போய்வருகிறது:
அவர்களுக்கு நடுவே இரண்டு அடி.
அடுத்த முறை
ஒன்றரை.

போன வாரம் இரவுச் சாப்பாட்டில் அவள்தான் சொன்னாள்.
ஆற்றுக் கூனிகளில் ஆண்
பெண்ணைப் பிடித்துத் தன் வளைவுக்குள் வைத்துக்கொள்ளும்.
உடனே ஒன்றும் நடக்காது.
அவள் சட்டை உரிக்கிற நாளில்தான் கூட முடியும்,
அதுவும் சில மணி நேரம்.
அதற்காக ஒரு வாரம், பத்து நாள்
அவளைச் சுமந்தபடியே நீந்தும்.
சில பெண்கள் உதறும். சுற்றிலும் ஆண்கள் அதிகமென்றால்
இன்னும் முன்கூட்டியே பிடித்துவிடும்.
"உரித்த பிறகு?"
"விட்டுவிட்டுப் போய்விடும்" என்றாள்,
உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டியபடி.

பத்து நாள்!
நான் பத்தொன்பது வருடமாக…
சொல்லவில்லை. உப்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

காரிலிருந்து பார்த்தால் எல்லோரும் என் கட்சி.
பச்சைத்தலை வாத்து பெடையின் வாலோடு ஒட்டி நிற்கிறது.
அவள் மேய்கிறாள். இவன் மேயவில்லை,
எதிர்க்கரையில் இருக்கும் இரண்டு பேரை
முறைத்து முறைத்தே இளைக்கிறான்.
வேலியில் ஒரு சாம்பல் குருவி,
பெடை எந்தக் கிளையோ அந்தக் கிளை.
ஒரு நிமிடம் அலகைத் துடைத்தான்,
அவள் புதருக்குள் இன்னொருவனோடு.
வெளியே வந்தவள் இறகைக்கூட உதறவில்லை.

என் அப்பா சேப்பலின் பின்வரிசையில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்.
அம்மா பாடகர் குழுவில்.
பாட்டு அவருக்குப் பிடிக்காது,
ஆண்குரல்களை மட்டும் எண்ணுவார்.
வீடு திரும்பும் வழியில் யாரும் பேசமாட்டோம்.

மழை விட்டது.
எலினெட் வெள்ளைத் தட்டைக் கொண்டுவந்து
பானெட்டின்மேல் வைக்கிறாள். அந்தச் சூடு அவள் விரல்களுக்கு.
"பார்."
அரிசி அளவில் ஜோடிகள், ஒன்றின் கூனுக்குள் ஒன்று,
ஒருக்களித்துச் சுழன்றன. உடும்புப்பிடி.
மாக்சென் ஒரு பாட்டிலைத் திறக்கிறான்.
கல்மீன் ஒன்று இரவெல்லாம் கிடந்த தண்ணீர்.
மீன் இல்லை, மீனின் வாசனை மட்டும்.
ஆறு சொட்டு.

ஒரு ஜோடி பிரிந்தது. பக்கத்தில் இன்னொன்று.
பிறகு எண்ண முடியவில்லை, தட்டு முழுக்க
தனித்தனியாய், திசைக்கொன்றாய்.

"யார் முதலில் விட்டது?"
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
"பிடித்திருப்பது ஆண் மட்டும்தான், கெத்தின்.
அவள் எதையும் பிடித்திருக்கவில்லை.
கைவிட அவனால்தான் முடியும்."
மாக்சென் சட்டைப்பையில் பென்சில் தேடினான்.
பென்சில் அவன் காதில் இருந்தது.

தட்டின் மூலையில் ஒன்று மட்டும் இன்னும் விடவில்லை.
மீனுக்குப் பயப்படத் தெரியாததா,
வேறொரு பயம் அதைவிடப் பெரிதா.
உள்ளே இருந்தவள் ஒரு காலை அசைத்தாள்.
எலினெட் தாளில் ஒரு கோடு போட்டாள்.
என்னைப் பார்க்கவில்லை.

இந்த வியாழன் நான் போகவில்லை.
அதாவது, லாங்கினிடர் பாலம் வரைதான் போனேன்.
அங்கே நிறுத்தினால் அவர்கள் நிற்கும் இடம் தெரியாது,
ஆற்றின் வளைவும் சில மரங்களும் மறைக்கும்.
அரை மணி நேரம் கழித்து
எஞ்சினை அணைத்தேன்.
இரண்டு கோப்பைத் தேநீரையும் நானே குடித்தேன்.
குளிராகத்தான் இருந்தது.